வீட்டில் கிடக்கும் ஏர் கன்னை என்ன செய்வது?

(பண்ணை வானொலிப் பேச்சு)

விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற இந்த நேரத்தில், இன்றைக்குத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பயந்துவிடாதீர்கள். எங்கள் பரங்கிப்பேட்டைக்குத் துப்பாக்கிச் சத்தம் புதிதல்ல. 1781ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியின் படையும், ஐர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதியின் படையும் மோதியது எங்கள் ஊர்ப் பக்கத்து மணலில்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெரிய துப்பாக்கிகளைப் பற்றி அல்ல. காக்கை, குருவி விரட்டுவதற்காக எப்போதோ வாங்கி, இப்போது பரண் மேலே ஒட்டடை படிந்து கிடக்கிறதே, அந்த ஏர் கன், அதாவது காற்றுத் துப்பாக்கியைப் பற்றித்தான்.

மல்லாட்டை போடுகிற கொல்லைக்காரர்கள் வீட்டில் இது ஒன்று கிடக்கும். விதை போட்ட மறுநாளே காக்கை வந்து மண்ணைக் கிளறிப் பருப்பைத் தின்றுவிடும். அதற்காக அந்தக் காலத்தில் வாங்கினார்கள். சில வீடுகளில் கப்பலேறிப் போன மாமாவோ சித்தப்பாவோ திரும்பி வரும்போது கொண்டு வந்து கொடுத்தது இருக்கும். அப்போதெல்லாம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. கடையில் காசைக் கொடுத்து வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடலாம். அதனால் இது ஏதோ விளையாட்டுச் சாமான் என்ற நினைப்பு நமக்குள் ஊறிப்போய்விட்டது.

அந்த நினைப்பால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தப்பை நானே சொன்னால்தான் உங்களுக்கு உறைக்கும்.

என் தகப்பனார் வாங்கி வைத்த ஏர் கன் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் போன பிறகு நான் அதைத் தொடவில்லை. 2016ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாள் டீக்கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. "தை ஒண்ணாந் தேதியிலேருந்து ஏர் கன்னுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமாம். இல்லாட்டி புடிச்சு உள்ள போட்டுடுவாங்களாம்." எனக்குப் பகீர் என்றது. பொங்கலுக்கு முன்னால் தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றிவிட்டது. சந்தையில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் வந்தார். 2,000 ரூபாய் கொடுத்தார். சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பேர் என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஆடி மாசம் விசாரணைக்கு ஆள் வந்தது. நான் விற்ற துப்பாக்கி இரண்டு கை மாறி, நாலு மைலுக்கு அப்பால் ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. வீட்டுப் பையன்கள் அதைச் சவுக்குத் தோப்புக்கு எடுத்துக்கொண்டு போய் ஓணான் மீது குறி பார்த்திருக்கிறார்கள். குண்டு கல்லில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயசுப் பையனின் கண்ணில் பாய்ந்துவிட்டது. "இந்தத் துப்பாக்கி எங்கேயிருந்து வந்தது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் என் வாசலில் நின்றார்கள்.

நாலு நாள் நடந்தேன். யாருக்கு விற்றாய்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. எழுத்து ஏதாவது உண்டா? கிடையாது. அங்கே இருந்த அதிகாரி ஒரு வார்த்தை சொன்னார்: "பெரியவரே, மாடு வித்தாக்கூட யாருக்கு வித்தோம்னு சொல்லுவீங்க. துப்பாக்கிய வித்துட்டுத் தெரியாதுங்கறீங்களே!" எனக்குத் தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலை விடுங்கள். அந்தப் பையனுக்கு ஒரு கண் போனது போனதுதான். இன்றைக்கும் அவனைச் சிதம்பரம் பஸ்ஸில் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டீக்கடையில் சொன்ன தேதியே தப்பு. தை ஒண்ணாந் தேதி என்பது யாரோ கட்டிவிட்ட பேச்சு. புது விதிகள் அந்த 2016ஆம் வருஷம் ஜூலை 15ஆம் தேதியே வந்துவிட்டன. சட்டம் வருவதற்கு முன்னால் தள்ளிவிட வேண்டும் என்று நான் ஓடினேன். சட்டம் வந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. எல்லா ஏர் கன்னுக்கும் லைசென்ஸ் என்பதும் தப்பு. ஆக, பாதி வதந்தியைக் கேட்டுவிட்டு முழு அவசரப்பட்டேன்.

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? நிதானமாகக் கேளுங்கள்.

நம் நாட்டில் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெடிமருந்தால் குண்டைத் தள்ளுவது மட்டும்தான் துப்பாக்கி என்று அதில் சொல்லவில்லை. வேறு எந்தச் சக்தியால் தள்ளினாலும் அது துப்பாக்கிதான். அப்படிப் பார்த்தால் காற்றால் தள்ளுகிற ஏர் கன்னும் அதற்குள் வருகிறது. முன்பு அதற்கு விலக்குக் கொடுத்து வைத்திருந்ததால்தான் நாம் லைசென்ஸ் இல்லாமல் வாங்கினோம். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளில் ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோட்டுக்கு இரண்டு அளவு. ஒன்று, குழலின் உள் அகலம். இரண்டாவது, குண்டு வெளியே வரும்போது அதற்கு உள்ள வேகச் சக்தி. குழல் அகலம் பாயிண்ட் 177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். சக்தி 20 ஜூல். இந்த அளவுக்குள் அடங்கினால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும்.

நம் வீடுகளில் கிடக்கிற பழைய ஏர் கன்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று பாயிண்ட் 177. மற்றது பாயிண்ட் 22, அதாவது 5.5 மில்லிமீட்டர். பாயிண்ட் 22 என்றால், எவ்வளவு பழசாக இருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தாலும், அது கோட்டுக்கு வெளியேதான். என் தகப்பனார் வைத்திருந்ததும் அந்த ரகம்தான். அதை நான் அப்படி விற்றதே குற்றம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குழலின் அடிப்பக்கத்தில் எண் பொறித்திருக்கும். துரு ஏறியிருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால், குண்டு வைத்திருந்த தகர டப்பாவைத் தேடிப் பாருங்கள், அதில் போட்டிருக்கும். பிள்ளைகளின் ஸ்கேலை வைத்துக் குண்டை அளந்தாலும் நாலரையா ஐந்தரையா என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குழல் வாயில் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். பத்து வருஷமாகச் சும்மா கிடந்தாலும், உள்ளே ஒரு குண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும். வாய் எப்போதும் தரையைப் பார்த்து இருக்கட்டும்.

20 ஜூல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். அரை கிராம் எடையுள்ள ஈயக்குண்டு வினாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 20 ஜூல். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துச் சுடுகிற பழைய பாயிண்ட் 177 ரகம் சாதாரணமாக அந்த அளவுக்குப் போகாது. ஆனால் உருளையில் காற்றை அழுத்தி அடைத்து வைத்துச் சுடுகிற புதுரகங்களில் கோட்டைத் தாண்டுகிறவை உண்டு. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், வாங்கும்போது கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். அதில் ஜூல் கணக்குப் போட்டிருக்கும். இளவட்டங்கள் பட்டறையில் கொடுத்து அழுத்தமான ஸ்பிரிங் மாற்றுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அது வேண்டாத வேலை. கோட்டுக்குள் இருந்த துப்பாக்கியை நாமே கோட்டுக்கு வெளியே தள்ளினது போல ஆகிவிடும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். வேண்டாத துப்பாக்கியை எப்படிக் கழிப்பது?

உங்களிடம் இருப்பது லைசென்ஸ் தேவைப்படாத பாயிண்ட் 177 என்றால், விற்கலாம். ஆனால் மாடு விற்கிற அளவுக்காவது எழுத்து வேண்டும். வாங்குகிறவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், விலை, தேதி, துப்பாக்கியில் உள்ள எண், எல்லாவற்றையும் இரண்டு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அடையாள அட்டை நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி அதோடு பின் பண்ணி வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிறவருக்கு நீங்களும் கொடுக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கேட்டால் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கைபேசியில் படம் போட்டு, முகம் தெரியாத ஆளுக்குப் பார்சல் கட்டி அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம்.

உங்களிடம் இருப்பது பாயிண்ட் 22 என்றால், கதை வேறு. அதை லைசென்ஸ் உள்ளவருக்கோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்கோதான் கொடுக்க முடியும். முறையாக வைத்திருக்கிற ஒருவர் அதைத் தனி ஆளுக்கு விற்பதாக இருந்தாலும், யாருக்கு விற்கப்போகிறேன் என்று மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற்றலாம். 45 நாள் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். வாங்குகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கத்தான். என் விஷயத்தில் யாராவது 45 நாள் விசாரித்திருந்தால் அந்தப் பையனுக்குக் கண் தப்பியிருக்கும்.

"லைசென்ஸே இல்லையே, அப்பா காலத்துச் சாமான் வீட்டில் கிடக்கிறதே, நான் என்ன செய்வது?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம் பேர். உங்களுக்கும் சட்டத்தில் வாசல் திறந்திருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள். லைசென்ஸ் முடிந்துபோனாலோ, புதிதாக ஒரு உத்தரவு வந்தாலோ, அல்லது வேறு எந்தக் காரணத்தாலோ ஒரு ஆயுதத்தை வைத்திருப்பது முறையில்லாமல் போய்விட்டால், வீண் தாமதம் செய்யாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. லைசென்ஸ் பெற்ற கடையிலும் ஒப்படைக்கலாம். தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்கள் அல்லவா, ஏறக்குறைய அதைப் போலத்தான்.

ஒப்படைத்தால் பொருள் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதே பிரிவில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. ஒப்படைத்தவரோ, அவர் காலமானால் அவருடைய வாரிசோ, அதை வைத்திருக்கத் தகுதி உள்ள ஒருவருக்கு விற்கச் செய்து, வருகிற பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் ஒன்றும் செய்யாவிட்டால்தான் அது சர்க்காருக்குப் போகும். ஆகவே, காசு போய்விடுமே என்று மறைத்து வைப்பதில் லாபம் இல்லை. லைசென்ஸ் தேவைப்படுகிற துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. 2,000 ரூபாய்ச் சாமானுக்காக அவ்வளவு பெரிய பாரத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?

ஒப்படைக்கப் போகும்போது துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் நுழையாதீர்கள். முதல் நாள் வெறுங்கையோடு போங்கள். இன்ன ரகம், இன்னார் வாங்கியது, எனக்கு வேண்டாம், ஒப்படைக்க வந்திருக்கிறேன் என்று ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். அவர்கள் எப்போது கொண்டுவரச் சொல்கிறார்களோ, அப்போது குண்டு இல்லாமல் துணியில் கட்டி எடுத்துப் போங்கள். கையோடு ரசீது வாங்குங்கள். ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காலம் கடந்துவிட்டதே என்று மனசுக்குள் பயம் இருந்தால், போவதற்கு முன்னால் கோர்ட்டில் இருக்கிற இலவச சட்டப்பணிகள் குழுவில் கேட்டுக்கொள்ளலாம். கடலூரிலும் உண்டு, சிதம்பரத்திலும் உண்டு. இல்லை, துப்பாக்கி எனக்குத் தேவை என்றால், லைசென்ஸுக்கு மனுக் கொடுக்க வேண்டியது கடலூர் கலெக்டர் ஆபீஸில்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் உள்ள ஸ்காட்லாந்திலும் ஏர் கன்னுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015இல் சட்டம் போட்டார்கள். 2016 டிசம்பர் 31ஆம் தேதி முதல் அனுமதிச் சான்று இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று நாள் குறித்தார்கள். நாள் வருவதற்கு முன்னாலேயே, வேண்டாதவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிடலாம் என்று போலீஸார் மூன்று வாரம் ஒதுக்கினார்கள். அதில் மட்டும் 11,000க்கு மேல் சேர்ந்தது. யாருக்கும் வேண்டாத சாமான் எத்தனை வீட்டில் சும்மா கிடந்திருக்கிறது பாருங்கள்.

நம் நாட்டிலேயே அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச் மாசம் லும்டுங் என்ற கிராமத்தில் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். காட்டுப் பறவைகளைக் காப்பாற்றுவதற்காக, ஏர் கன்களை நீங்களாகவே கொடுத்துவிடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக வேட்டைப் பழக்கம் உள்ள மலை ஜனங்கள். அவர்களே 2,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பறவை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கிதானே, கொக்கு சுடலாமா, மயிலை விரட்டச் சுடலாமா என்று கேட்பார்கள். கூடாது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால், பறவையைச் சுட அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு சட்டம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் இன்னும் இறுக்கினார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. மயிலைச் சுட்டால் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். கொக்கு, மடையான், நாரைக்கும் பாதுகாப்பு உண்டு. நமக்குப் பக்கத்துப் பிச்சாவரம் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறி, உலகம் அறிந்த ஈரநிலம் ஆகிவிட்டது. அங்கே தங்குகிற பறவைதான் காலையில் நம் வயலுக்கு இரை தேடி வருகிறது. வரப்பைத் துளைக்கிற நண்டையும், பயிரைத் தின்கிற புழுவையும் பொறுக்கித் தின்கிற மடையானைச் சுட்டால், கூலி வாங்காத ஆளை நாமே விரட்டினது போலத்தான்.

"அப்ப வெள்ளாமைய எப்படிக் காப்பாத்தறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. துப்பாக்கி இல்லாத வழிகள் நம்மிடம் உண்டு.

மல்லாட்டை விதைத்தால் முளை வந்து நிமிர்கிற வரையில்தான் காக்கைத் தொல்லை. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் காலையிலும் சாயங்காலமும் ஆள் காவல் போடுங்கள். பளபளப்பு நாடாவை இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிக் குச்சிக்குக் குச்சி கட்டினால், வெயிலில் மின்னும், காற்றில் இரையும். நாலு நாளைக்கு ஒரு தரம் இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் பறவைக்குப் பழகிவிடும்.

நெல் வயலில் எலிக்கு நம்முடைய பழைய தஞ்சாவூர் கிட்டியே போதும். வரப்பை அகலமாக விடாமல் ஒடுக்கமாகப் போட்டால் எலி வளை எடுக்க இடம் இருக்காது. ஏக்கருக்குப் பதினைந்து இருபது பறவை தாங்கி நட்டு வையுங்கள். குச்சியின் தலையில் குறுக்குக் கட்டை கட்டினால் அதுதான் பறவை தாங்கி. பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். ராத்திரி ஆந்தை உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது மட்டும் அவற்றைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நெல் தின்கிற குருவிகளுக்கு நாமே திண்ணை போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும்.

கடைசியாக, சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைக்குச் சாயங்காலமே பரணில் ஏறிப் பாருங்கள். துப்பாக்கி இருந்தால் எந்த ரகம் என்று பாருங்கள். விலக்கு உள்ள ரகம் என்றால், வைத்துக்கொள்கிறவர்கள் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். விற்கிறவர்கள் எழுத்தோடு விற்றுவிடுங்கள். லைசென்ஸ் தேவைப்படும் ரகம் என்றால் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். புது விதி வரப்போகிறது என்று யாராவது சொன்னால், டீக்கடையில் கேட்டுக்கொண்டு ஓடாமல் ஸ்டேஷனிலோ தாலுகா ஆபீஸிலோ ஒரு நடை போய்க் கேளுங்கள்.

துப்பாக்கி நம் கையை விட்டுப் போவது பெரிதல்ல. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் பெரிது. நான் அதைக் கேட்காமல் விட்டேன். நீங்கள் கேளுங்கள்.